எதிர்க்கடை நாற்காலி

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெருவுக்குத் தெரிந்த நாளிலிருந்து என் சலூன் நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. ஓசியில் பேப்பர் படிக்க வருகிற வெட்டிப்பயல்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை. கடையை மூடிவிடலாம் என்றாள் மனைவி. மூடுவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தத் தொழிலில் ஒரு கேடு உண்டு. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவன் தன் பிடரியை மட்டும் இன்னொருவனிடம்தான் நீட்டியாக வேண்டும். எனக்கு வெட்டிவிடுகிறவன் எதிர்க்கடைக் குள்ளன். ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள் நாங்கள். இப்போது என்னைக் கண்டால் அவனும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை, அவன் கடை நிரம்பி வழிகிற நேரமாகப் பார்த்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பிடரி காடா கெடக்கு. எடுத்துவிடு."

"கூட்டமா இருக்குடா. அப்புறமா வாயேன்."

"கூட்டம் இருக்குன்னுதான் வந்தேன்."

பெஞ்சிலிருந்த பால்காரர் எழுந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரும் எழுந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டாக்டரம்மா சொன்னதக் கேட்டுட்டுப் போங்கண்ணே. நோய எதிர்க்கிற செல்லு என் உடம்புல கொத்துக்கொத்தா செத்துச்சே, எப்படித் தெரியுமா? கிருமி நேரா கொன்னது கொஞ்சந்தான். மத்த செல்லுக்குள்ள அது நுழைஞ்சாலும் வந்த வேலைய முடிக்க முடியல. ஆனா என்னமோ உள்ள புகுந்துருச்சுன்னு தெரிஞ்சதும் அந்த செல்லு தானே வெடிச்சுச் செத்துப்போகுது. அதுலேர்ந்து கசியுறது பக்கத்து செல்லையெல்லாம் கூப்பிடுது. என்னான்னு பாக்க வந்ததும் மாட்டிக்கிட்டு வெடிக்குது. பதறியே செத்ததுதான் அதிகம்!"

பால்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இப்ப மாத்திரையில கிருமி அடங்கிக் கெடக்கு. ரத்தத்துல தேடினாலும் கெடைக்கல. என் உடம்பே பதறுறத விட்டாச்சு. நீங்க எதுக்குய்யா பதறுறீங்க?"

இருவரும் போய்விட்டார்கள். குள்ளனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என் பொழப்பக் கெடுக்கவே வந்தியா?"

"ஆமா. நான் ஒருத்தனே கெட்டு அலுத்துப்போச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுகை இல்லை, கோபம்தான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

குள்ளன் துணியை எடுத்து என் கழுத்தில் கட்டினான். எல்லாருக்கும் செய்வதுபோலப் புது பிளேடை மாட்டினான். பிடரியை மழித்து முடித்ததும் துணியை உதறினான். அடுத்த ஆளைக் கூப்பிடுவான் என்று பார்த்தால், விறுவிறுவென்று தெருவைக் கடந்து என் கடைக்குள் நுழைந்துவிட்டான். பெஞ்சில் மிஞ்சியிருந்தவர்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

என் நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தான்.

"கதவ நல்லாத் தொறந்துவச்சிட்டு சவரம் பண்ணு. சீக்கிரம்டா, அங்க ஆளுங்க காத்திருக்காங்க."