மூழ்காத சட்டை

எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் வாய்க்கால். "காத்து நல்லா வரும்" என்று சொல்லித்தான் புரோக்கர் இந்த வீட்டை எங்கள் தலையில் கட்டினார். காற்று வந்தது, கூடவே கவலையும் வந்தது. குடிவந்த வாரமே எங்கள் மகள் தன் செருப்பில் ஒன்றைத் தண்ணீரில் விட்டு, "போட் போகுது!" என்று குதித்தாள். வயது மூன்றரை. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள், அதுவும் மனசிருந்தால்.

கீழே கடை, மேலே வீடு. நான் பழைய சோஃபாக்களைப் பிரித்துப் புதிதாக்குகிறவன். உறை தைப்பது என் மனைவி. அவள் போட்ட தையலைப் பிரிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

செருப்பு போன அன்றே சண்டை ஆரம்பித்தது.

"இவளுக்கு நீச்சல் கத்துக்கொடுக்கணும்," என்றேன்.

"ஏழு வயசாகட்டும். இப்பவே தண்ணியில இறக்கினா சளி பிடிச்சுக்கும்."

"ஏழு வயசு வரைக்கும் வாய்க்கால் காத்துக்கிட்டு இருக்குமா?"

"அப்ப சுவர் வையுங்க."

"வாடகை வீட்டுல நான் எங்க போய் சுவர் வைக்கிறது?"

என் மனைவிக்குத் தண்ணீர் என்றால் வாளியோடு சரி. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றும்போதுகூடத் தன் கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி பேச வரும்.

கடைசியில் நீச்சல் குளத்து டீச்சரிடமே கேட்டுவிடலாம் என்று போனோம். கழுத்தில் விசில், அந்த விசிலுக்கு வேலையே வைக்காத குரல்.

"எந்த வயசுல ஆரம்பிக்கலாம் டீச்சர்?"

"தானா நடந்து தண்ணிகிட்ட போறாளா?"

"ஓடுறா."

"அப்ப வயசு வந்தாச்சு. அதுக்காக நீச்சல் தெரிஞ்சா போதும்னு இருந்துடாதீங்க. பின்கதவுக்கு உயரத்துல ஒரு தாழ்ப்பாள் போடுங்க. கண்ணு எப்பவும் அவமேலயே இருக்கணும்."

இரண்டு பேருமே ஜெயித்த மாதிரி வீடு திரும்பினோம். அன்று சாயங்காலமே தாழ்ப்பாள் போட்டேன்.

ஆனாலும் என் மனைவிக்கு மனசு ஆறவில்லை. "அவ மூழ்கக் கூடாது" என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குத் தெரிந்தது பஞ்சும் தையலும்தானே! கடையிலிருந்த சோஃபா ஸ்பாஞ்சை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் ஸ்பாஞ்ச் வயிறு முட்டக் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது. பார்சலில் வரும் வெள்ளை ஃபோமைப் போட்டேன். அழுத்த அழுத்த மேலே வந்தது. அவ்வளவுதான், அவள் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில், வயிற்றில், இடுப்பில், முதுகில் என்று சின்னச் சின்னப் பைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஃபோமை நுழைத்து ஒரு நீச்சலுடை தைத்தாள்.

டீச்சர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "வேண்டாமே," என்றார். என் மனைவி கண் கலங்கியதும், "சரி, தண்ணி பழகுற வரைக்கும்," என்று விட்டுக்கொடுத்தார்.

வாலுவுக்கு ஒரே கொண்டாட்டம். கையை ஆட்டாமல், காலை ஆட்டாமல், குளத்துக்கே முதலாளி மாதிரி மிதந்தாள். "எனக்கு நீச்சல் தெரியுமே!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாங்களும் பூரித்துப்போனோம்.

ஒருநாள் வகுப்பு முடிந்து, அந்த உடையைக் கழற்றிவிட்டு என் மனைவி துண்டை எடுக்கத் திரும்பினாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம். திரும்பினால் பிள்ளை தண்ணீருக்குள். டீச்சர் ஒரே பாய்ச்சலில் அள்ளி எடுத்துவிட்டார். இருமினாள், அப்புறம் வீறிட்டு அழுதாள். பயத்தில் இல்லை, கோபத்தில்.

"தண்ணி என்னைத் தூக்கவே இல்ல!"

என் மனைவி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "போதும். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டோம்," என்றாள்.

"இப்ப நிறுத்தினாத்தான் ஆபத்து," என்றார் டீச்சர். "இவ்வளவு நாள் சட்டைதான் நீந்துச்சு. தனக்கு நீந்தத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு நாளைக்கு வாய்க்கால்ல இறங்குவா. நான் சொல்றப்ப ஒவ்வொரு துண்டா பிரிச்சுக்கிட்டே வாங்க. இன்னொண்ணு. குழந்தைங்க பயப்படணுமா வேண்டாமான்னு கரையில நிக்கிறவங்க முகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. அதனால அம்மா கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். அப்பா முன்னால நில்லுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீரன் என்று சர்டிஃபிகேட் கொடுத்த மாதிரிதானே! அன்றிலிருந்து கரையில் நான், தூணுக்குப் பின்னால் அவள்.

டீச்சர் சொல்லச் சொல்ல ஃபோம் குறைந்துகொண்டே வந்தது. நெஞ்சு போனது, வயிறு போனது, இடுப்பும் போனது. ஒவ்வொன்றையும் என் மனைவியே பிரித்தாள், பெருமூச்சோடு. வாலு காலை உதைக்கக் கற்றாள், மூச்சைப் பிடிக்கக் கற்றாள். முதுகுத் துண்டு மட்டும் மிச்சமிருந்த நிலையில், போன ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடமிருந்து கரை வரைக்கும் தனியாக நீந்தி வந்தாள். நான் கைதட்டிய தட்டலில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பயப்படாம இருந்தா எல்லாம் வரும்," என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனைவிக்கு உபதேசம் வேறு.

நேற்று அவள் அந்த உடையை என் மடியில் போட்டாள்.

"கடைசித் துண்டு. நீங்களே பிரிங்க."

தினம் சோஃபாவின் வயிற்றைக் கிழிக்கிற கை. பிளேடு தையலுக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

"இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே," என்றேன். "லேசா சளி வேற இருக்கு அவளுக்கு."

"பிரிங்க."

பிரித்தேன். உள்ளே விரலை விட்டு இழுத்தால் மஞ்சளாக வந்தது. வாளிக்கடியில் போய் உட்கார்ந்த அதே சோஃபா ஸ்பாஞ்ச்.

"இது... இது மிதக்காதே!"

"மிதக்காது. ஃபோமைப் போன ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே எடுத்துட்டு, உங்களுக்குத் தெரியாம இதை வெச்சுத் தச்சுட்டேன். டீச்சர்கிட்ட சொல்லிட்டுத்தான். நீங்க கைதட்டினப்ப அவ வெறும் சட்டையிலதான் நீந்தினா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவ பார்க்கிறது உங்க முகத்தை. சொல்லியிருந்தா அந்த முகம் என்ன ஆகியிருக்கும்?"

தூணுக்குப் பின்னால், எல்லாம் தெரிந்துகொண்டு, சத்தம் போடாமல் நின்றிருக்கிறாள். இவளையா பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்? அந்த நிமிடம் அவளை எவ்வளவு பிடித்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று வாலு கடையில் வாங்கிய சாதாரண நீச்சலுடையில் விளிம்பில் நின்றாள். டீச்சர் தண்ணீருக்குள் கை நீட்டிக் காத்திருந்தார். வாலு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கே புரியவில்லை. தூணை விட்டு எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, என் மனைவி பின்னாலிருந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சிரிங்க," என்றாள் காதோரம்.

சிரித்தேன். பிள்ளை குதித்தாள்.