நாங்களும் நாமும்

பகலவன் மேலைக் கடலில் இறங்க, சிராங்கூன் சாலையின் இருமருங்கும் விளக்குகள் ஒவ்வொன்றாய் விழிக்க, மல்லிகை மணமும் வறுத்த மிளகாயின் நெடியும் கலந்து தெருவெங்கும் உலவ, வேலை முடிந்தோர் விரைய, பொருள் வாங்குவோர் வழிமறித்து நின்று பேச, சிங்கைத் திருநகர் தன் மாலைப் பொழுதைத் தொடங்கிற்று. கற்றறிந்த அன்பரீர், அவ்வேளையில் ஜாலான் புசாரின் அருகே சமூக மன்றம் ஒன்றில், நரை கண்டோர் சிலர் தமிழ் அரிச்சுவடியைத் திறந்துவைத்து அமர்ந்திருந்தனர்.

அவருள் ஒருவர் குணமணி என்னும் பெண்மணி. யாழ்ப்பாணத்து வழிவந்த குடியிற் பிறந்து, ஆங்கிலத்தில் கல்வி பயின்று, இரண்டாம் மொழியாக மலாயைக் கற்று, எழுத்தராய் உழைத்து ஓய்ந்தவர். பெற்றோர் வாய்வழிக் கேட்ட சிறிது தமிழே அவர் அறிந்த தமிழ். ஆங்கிலத்தில் எண்ணிறந்த மடல் வரைந்த கை, ழகரத்தின் வளைவில் இடறி நிற்பதைக் கண்டு அவரே நகைத்துக்கொள்வார்.

அவர் கற்க வந்தது ஒருவர் பொருட்டு. மகள் ஆரபியை மணந்த கபிலனின் தாய் முத்தாயி, தமிழன்றி வேறு மொழி அறியாதவர். கணவரை இழந்தபின் தையற்கடை நடத்தி மகனை ஆளாக்கியவர். மணவுறுதி நாளன்று முகமலர்ந்து வந்த அவ்வம்மையார், அதன்பின் எத்தனை முறை அழைத்தும் குணமணியின் வீட்டில் ஒருவேளை உண்டதில்லை. வாயிலிலேயே நின்று, தைக்க வேண்டிய துணி கிடக்கிறதென்று கூறித் திரும்பிவிடுவார். நன்கு பேசத் தெரிந்தால் நெருங்கிவிடலாம் என்று குணமணி நம்பினார்.

அன்று ஆசிரியை ரக்ஷனா, கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது ‘நாம்’ என்றும், அவரை விலக்கிச் சொல்வது ‘நாங்கள்’ என்றும் விளக்கினாள். மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என்னும் வேறுபாடு இதுவே என்று உணர்ந்த கணத்தில் குணமணி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். மணவுறுதி நாளில் முத்தாயியின் கைகளைப் பற்றிக்கொண்டு, பலமுறை சொல்லிப் பழகிய அந்த ஒற்றை வாக்கியத்தை அன்போடு கூறியிருந்தார்: “இனி நாங்கள் ஒரே குடும்பம்.” தம் பெற்றோர் இருபொருளிலும் அச்சொல்லையே வழங்கக் கேட்டு வளர்ந்தவர், வேறு சொல் உண்டென்று அறியார். ஆரபியும் கபிலனும் தாமும் ஒரு குடும்பம், நீ புறத்தே நில் என்றல்லவா அத்தாயின் செவியில் அது விழுந்திருக்கும்! வகுப்பு முடியுமுன் எழுந்து முத்தாயியின் கடைக்கு நடந்தார்.

முத்தாயி தையற்பொறியின் முன் அமர்ந்திருந்தார். வழக்கம்போல் மரியாதையாய் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். குணமணி அமரவில்லை.

“அண்டைக்கு ‘நாங்கள்’ எண்டு சொன்னது உங்களையும் சேர்த்துத்தான். எங்கட வீட்டில எல்லாத்துக்கும் அந்த ஒரு சொல்லுத்தான். ‘நாம’ எண்டு சொல்லியிருக்க வேணும். எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.”

முத்தாயி முந்தானையால் விழிகளைத் துடைத்தார்.

“பெரிய வேலை பாத்தவங்க, கணக்கா ஒதுக்கி வச்சிட்டாங்கன்னு நெனச்சேன் சம்பந்தியம்மா. மகனக் கொடுத்துட்டு ஒண்டியா நிக்கிறேன்னு அழுதிருக்கேன்.” விளக்கை அணைத்தார். “வாங்க, நாம வீட்டுக்குப் போவோம்.”

எந்த வீட்டிற்கு என்று குணமணி தயங்கிக் கேட்டார்.

“நம்ம வீட்டுக்குத்தான் லா,” என்று சிங்கைப் பேச்சு வழக்கிலேயே சொன்னார் முத்தாயி.

அன்பரீர், ஒரு சொல்லால் விலகிய உள்ளம் ஒரு சொல்லால் மீண்டதென்று எழுதிவிடுதல் எளிது. இடையே வீணாய்க் கழிந்த மாலைப் பொழுதுகளை எச்சொல்லும் மீட்டுத் தாராது. ஆயினும் அன்று குணமணியின் வீட்டில் முத்தாயி அமர்ந்து உண்டார். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.