ராமாத்தாள் வீட்டுக் கூடம் காடான கதை

புலாவ் செபாங் ஊரில் ராமாத்தாள் வீட்டுக் கூடத்தின் வழியாகத் தாபிர் என்ற காட்டு விலங்கு கடந்து போகும் என்று கணினி சொன்னது.

வரைபடத்தைத் தயாரித்தவள் அனுசியா. மலாக்கா டவுனில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை. இரண்டு காடுகளுக்கு நடுவே செம்பனை எண்ணெய்த் தோட்டமும் சாலையும் வீடுகளும் வந்துவிட்டால், விலங்கு எந்த வழியாகக் கடக்கும் என்று கணிப்பாள். கடக்கச் சுலபமான இடத்துக்கு மதிப்பெண் ஒன்று, கஷ்டமான இடத்துக்கு நூறு. காட்டுக்கு ஒன்று. ராமாத்தாள் வீட்டுக்கும் ஒன்று விழுந்திருந்தது. கூரை முழுக்க அவர் படரவிட்டிருந்த அவரைக்கொடியைச் செயற்கைக்கோள் காடு என்று எடுத்துக்கொண்டது.

தப்பைத் திருத்த வேண்டும் என்று மேலாளர் காந்தனிடம் சொன்னாள். மூன்று இலாகாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன, இனி வரைபடத்தைத் திருத்துவதைவிட வீட்டைத் திருத்துவது எளிது என்றார் அவர். முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை அவள் கூச்சத்தோடு போய் நின்றாள். ராமாத்தாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, வரைபடத்தில் தன் வீட்டைக் கடந்த கோட்டை நிதானமாகப் பார்த்தார். அவர் கணவர் சிவசாமி, ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர், முடியாது என்றார்.

"முப்பது வருஷம் டிக்கெட் இல்லாம ஒருத்தர உள்ள விட்டதில்லமா நான்."

"மேப்புல நம்ம வீடு காடுன்னு போட்டிருக்கு," என்றார் ராமாத்தாள். "இங்க நீங்கதான் வெளியாளு லா."

அன்றே சோபா சுவரோரம் போனது. அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து அளந்து, செருப்பு அலமாரியை இடையூறு என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் வாரம், மழை விட்ட ஒரு காலையில், தாபிர் செம்பனைக்குள்ளிருந்து வந்தது. பின்வாசலில் தொங்கிய அவரையை மேய்ந்தது, சமையலறையைக் கடந்தது, கூடத்தில் படுத்துவிட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவசாமி காலை மட்டும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். பிறகு அனுசியாவுக்குப் போன் செய்தார்.

"வந்திருச்சுமா. ஆனா போவல."

ஆறு வருஷமாகத் தாபிருக்கு வழி போட்டவள் ஒரு தாபிரையும் நேரில் பார்த்ததில்லை. காரை விரட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் அருகில் தரையில் உட்கார்ந்தாள். கறுப்பு உடம்பின் நடுவே வெள்ளைத் துணி போர்த்தியது போல் இருந்தது. ஈர மண்ணும் பச்சை இலையுமாக வாசம் வீசியது. காது ஒருமுறை அசைந்தது. படம் எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. ராமாத்தாள் சத்தமில்லாமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

வனவிலங்கு அதிகாரி, வரைபடத்தில் உள்ள பாதையில் இருக்கும் விலங்கைத் தொந்தரவு செய்ய விதியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அது இரண்டு நாள் இருந்தது. சிவசாமி கிசுகிசுத்தே பேசினார். மூன்றாம் நாள் தாபிர் எழுந்து, திறந்திருந்த முன்கதவைப் பார்த்தது. திரும்பி, வந்த வழியே செம்பனைக்குள் போய்விட்டது.

காந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. விலங்கு தங்கினால் அது பாதை அல்ல, வாழிடம் என்றார். வரைபடத்தில் இரண்டு காடுகள் மூன்றாயின. ராமாத்தாள் கூடத்திலிருந்து மற்ற இரண்டுக்கும் புதிதாக வழி தேட, ஒரு கோடு பக்கத்து வீட்டு விஜயராணியின் குளியலறை வழியே போனது.

குளியலறைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் கடிதத்தை அனுசியாவே கொண்டுபோனாள். விஜயராணி இரண்டு முறை படித்தார். குளிக்கும்போதும் கதவைத் திறந்துதான் வைக்க வேண்டுமா என்று கேட்டார்.

ஆபீசில் கேட்டுச் சொல்வதாக அனுசியா எழுதிக்கொண்டாள்.