கு போன்சிக்கின் முடியும் மகளும்

வார இறுதித் தொடர் ஓடுகிற வீடுகளில் நடிகர் கு போன்சிக்கை யாரும் பேர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "அப்பா வந்துட்டார், டி.வி. சத்தத்தைக் கூட்டு" என்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அழுவது, ஓடிப்போன மகனைத் தேடி மழையில் நனைவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. அந்தப் புகழை வைத்துச் சிவப்பு ஜின்செங் மூலிகை விற்றார், குக்கர் விற்றார், நரைக்காத அடர்த்தியான முடியைச் சிலுப்பிக்காட்டி ஷாம்பு விற்றார். நிஜத்தில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. கேட்டால், "நாட்டுப் பிள்ளைங்கெல்லாம் என் பிள்ளைங்கதான்" என்பார்.

தென் கொரியத் தலைநகர் சியோலில் ஒரு பெரிய கடையின் மாடியில் 'நல்ல அப்பாவாக இருப்பது எப்படி' என்று அன்று பேசி முடித்திருந்தார். கையெழுத்து வாங்கும் வரிசையில், லிஃப்ட் பரிசோதகர்கள் போடும் சட்டையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"பேர் என்ன போடணும்மா?"

"கையெழுத்து வேணாம் சார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"என்னது?"

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். டெஸ்ட் எடுக்கப் போனா, அப்பா பக்கம் என்னென்ன வியாதின்னு டாக்டர் கேக்கறார். என் பேர் நோ ராஹி. எங்கம்மா நோ மிஞ்சொங். போன வருஷம் தவறிட்டாங்க."

மிஞ்சொங் அவருடைய பழைய நாடகக் குழுவில் உடை தைத்தவள். முதல் தொடர் வாய்ப்பு வந்த நாளிலிருந்து அவளுடைய ஃபோனை எடுக்காமல் விட்டவர் போன்சிக். வயிற்றில் குழந்தை இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் எடுக்காமல் இருந்தாரோ என்னவோ. இப்போது மிஞ்சொங்கின் அதே மூக்கு, எதிரே நின்று சர்க்கரையைப் பற்றிக் கேட்டது.

மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"சர்க்கரை இருக்கு. பி.பி.யும் இருக்கு."

"முடி?"

போன்சிக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "விக்" என்றார். அதைத் தைத்த ஆளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம்.

"அய்யய்யோ, பையன் பொறந்தா பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். எதுவும் கேட்கவில்லை, அப்பா என்றும் கூப்பிடவில்லை. அழுது காலைக் கட்டிக்கொள்ளும் மகள்களையே பார்த்துப் பழகிய மனிதர். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேனேஜர் ஹ்வாங்கிடம் சொன்னதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், மொதல்ல டி.என்.ஏ. டெஸ்ட். அப்புறம் பேசலாம்."

ராஹி சம்மதித்து எச்சில் கொடுத்தாள். போன்சிக்கைத் தொந்தரவு செய்வானேன் என்று, ஒப்பனை அறைச் சீப்பிலிருந்த முடியை ஹ்வாங் எடுத்துப்போனான்.

முடிவு வந்த அன்று அவருடைய கால்ஷீட், விளம்பரமெல்லாம் பார்க்கும் கம்பெனியின் தலைவி பியோன் கதவைச் சாத்தினாள். "யாரு சார் அந்தப் பொண்ணு?"

"என் மகள்."

"அவ இல்ல. அவ உங்க பொண்ணே இல்லன்னு வந்துடுச்சு. ஆனா சீப்புல இருந்தது ஒரு பொம்பள முடியாம். வீட்டுல யாரை மறைச்சு வெச்சிருக்கீங்க?"

கொஞ்சம் விவரமுள்ள மனிதன் அப்போது வாயை மூடிக்கொண்டிருப்பான். மகளும் இல்லை, சிக்கலும் இல்லை, ஷாம்புவும் பிழைக்கும். போன்சிக்கும் அதைத்தான் நினைத்தார். ஆனால் 'உங்க பொண்ணே இல்ல' என்ற சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கையைத் தலைக்குக் கொண்டுபோய், விக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பியோனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஷாம்பு ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே சார்!"

"அப்ப மகள் விஷயம்?"

"மகளை எத்தனை வேணா வெச்சுக்குங்க! மொதல்ல அதை எடுத்துத் தலையில வைங்க!"

மறுபடி எடுத்த பரிசோதனையில் ராஹி அவர் மகள்தான் என்று உறுதியானது. உடனே கம்பெனிக்கு மகள்மேல் பாசம் பொங்கியது. கல்யாணத்தைச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பலாம், குக்கர் கம்பெனி செலவை ஏற்கும் என்று ஹ்வாங் ராஹிக்கு ஃபோன் போட்டான்.

"கேமரா வந்தா வாசல்லயே மறிச்சுடுவேன்" என்றாள் அவள். பிறகு, "அவர் மட்டும் வர்றதுன்னா வரட்டும். என் பக்கம் சித்தி ஒருத்தங்கதான் இருக்காங்க."

தேஜான் நகரில் இருந்த கல்யாண மண்டபத்துக்குப் போன்சிக் வழுக்கைத் தலையோடு போனார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்து மணமேடைக்கு நடந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"என்ன?" என்றாள் ராஹி, உதடு அசையாமல்.

"இந்த இடத்துல கட் சொல்லுவாங்க."

"இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. அடுத்த கல்யாணக்காரங்க வெளிய காத்துட்டிருக்காங்க. நடங்க."

விருந்தில் மாப்பிள்ளையின் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சம்பந்தி, உங்க குரல் அச்சு அசல் நடிகர் கு போன்சிக் குரல் மாதிரியே இருக்கு. ஆனா அவர் லட்சணமானவர். என்ன முடி!"

"ஆமாங்க" என்றார் போன்சிக்.

மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பிக்கும் அதே சந்தேகம் வந்தது. அவனுக்குக் கண் கொஞ்சம் கூர்மை; மணமேடைக்கு நடக்கும்போது எடுத்த படத்தை நெட்டில் போட்டான். பொழுது சாய்வதற்குள் அந்தத் தலை நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஷாம்பு கம்பெனி வழக்குப் போட்டது. அப்பாவே இப்படி ஏமாற்றினால் பிள்ளைகள் யாரை நம்புவார்கள் என்று நிபுணர்கள் டி.வி.யில் கண்ணீர் விட்டார்கள். படத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மணப்பெண் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் தேஜான் நூடுல்ஸ் கடை ஒன்றில் அப்பாவும் மகளும் நிம்மதியாக உட்கார முடிந்தது.

"அம்மா ஃபோன் பண்ணப்ப ஏன் எடுக்கல?" என்று கேட்டாள்.

இந்த இடத்துக்கு ஏற்ற வசனங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வாயைத் திறந்தார். அவற்றில் ஒன்றையும் சொல்லப் பிடிக்கவில்லை.

"பயந்துட்டேன்மா."

ராஹி நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்தாள்.

"இது பத்தாது" என்றாள் எழுந்துகொண்டே. "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வந்து ஒழுங்கா சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை போன்சிக் முதல் ரயிலிலேயே போய், அந்த நூடுல்ஸ் கடை திறப்பதற்கு முன்னால் வாசலில் நின்றிருந்தார்.