கீழ் இழுப்பறை

வெளியாளை வீட்டுக்குள் விட்டால் ஏதாவது ஒன்று குறையும் என்பது மா சொங்பேயின் தீர்மானம். நாற்பது வருஷம் ஊரார் வீடுகளுக்குள் புகுந்து, தரைக்கு அடியில் வெந்நீர் ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுது பார்த்தவர் அவர். ஒரு வீட்டிலும் ஒரு ஊசியைக்கூட எடுத்ததில்லை. ஆனால் எடுத்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் யாரையும் நம்பமாட்டார்.

அப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குத் திங்கட்கிழமை காலையில் தாக் ஹெசுக் என்ற பெண் இரண்டு பெரிய பைகளோடு வந்து இறங்கினாள். அடுத்தவர் வீட்டுச் சாமான்களை ஒழுங்குபடுத்தி அடுக்கிக் கொடுப்பது அவள் தொழில். அதற்குச் சான்றிதழ்கூட வைத்திருந்தாள். பாத்திரத்தை அலமாரியில் வைக்கச் சான்றிதழ் கேட்கிற காலம் வந்துவிட்டதே என்று சொங்பே வாய்விட்டே சொன்னார். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கூப்பிட்டது மகள் யொன்ஜு. கல்யாணப் பெண்களின் இடத்துக்கே போய் முக அலங்காரம் செய்கிறவள். வேலை பார்த்த அழகு நிலையத்தில் சண்டை பிடித்துக்கொண்டு, பதினோரு அட்டைப் பெட்டி மேக்கப் சாமானோடு இஞ்சோன் நகரத்துப் பூப்யொங்கில் இருக்கும் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. சின்ன அறை முழுக்கப் பெட்டி. அவள் படுக்கக்கூட பெட்டிகளுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஒரு இடம்தான்.

தாக் முதல் காரியமாக எல்லாப் பெட்டியையும் கவிழ்த்து ஒரு வெள்ளைத் துணியில் கொட்டினாள். சொங்பே வாசற்படியில் நின்றுகொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, காலை எடுங்க. பவுடர் மேல நிக்கிறீங்க."

"என் வீட்டுல நான் எங்கயும் நிப்பேன்."

"நில்லுங்க, வேணாங்கல. நாளைக்கு அந்தப் பவுடர் யாரோ ஒரு பொண்ணு கன்னத்துக்குப் போகும், அவ்வளவுதான்."

யொன்ஜு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் காலை எடுத்தார்.

வைத்துக்கொள்வது ஒரு குவியல், எறிவது ஒரு குவியல், யாருக்காவது கொடுப்பது ஒரு குவியல். திறந்து ஒரு வருஷம் தாண்டிய கண்மை எல்லாம் குப்பைக்குப் போனது. பிரஷ்களைக் கழுவி, மயிர் மேலே பார்க்கக் கண்ணாடி டம்ளர்களில் நிறுத்தினாள். முகப்பூச்சு பாட்டில்களை வெளுப்பிலிருந்து கறுப்புவரை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் மூடி திறந்த மாதத்தை எழுதி ஒட்டினாள். லிப்ஸ்டிக்குகளைத் தலைகீழாக நிறுத்தி, நிறம் தெரியும்படி ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் அதே நிறத்தில் பொட்டு மாதிரி ஒரு வட்டம் ஒட்டினாள். அவை எல்லாவற்றுக்கும் வெயில் எட்டாத கீழ் இழுப்பறைதான் இடம் என்றாள். இழுப்பறைப் பெட்டிக்குக் கால் கிடையாது. நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தது.

வைப்பதற்கு முன்னால் அவள் தரையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயா, இந்த அறைத் தரை சூடாகுமா?"

"ஆகாது. கேஸ் காசு யார் குடுக்கிறது? இந்த ரூம் குழாய் வால்வை மூடி ஆறு வருஷமாச்சு."

"திறக்கமாட்டீங்களே?"

"நாப்பது வருஷமா பாய்லர் வேலை பாத்தவன்கிட்ட வந்து நீ வால்வைப் பத்தி கேக்கிறியா?"

"சரி ஐயா. உங்க வார்த்தையை நம்பி வைக்கிறேன்."

இது ஒன்று நடந்தது. இன்னொன்றும் நடந்தது. மிச்ச வேலைக்கு அவள் புதன்கிழமை வர வேண்டும். அன்றைக்கு வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். யொன்ஜு வாசல் பூட்டின் எண்ணை அவளுக்குச் சொல்லிவிட்டாள்.

"பூட்டு நம்பரைக் குடுத்துட்டியா? அதுக்குப் பேசாம கதவையே கழட்டிக் குடுத்திருக்கலாமே!"

"அப்பா, அந்த அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல."

"எல்லாரும் எடுக்கிற வரைக்கும் அப்படிப்பட்டவங்க இல்லதான். பாரு, ஒண்ணு ரெண்டு காணாமப் போகும்."

புதன்கிழமை அவள் வந்து போனாள். சொங்பே சாயங்காலம் எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்தார். எல்லாம் இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. எத்தனை இருந்தது என்று தெரியாதவனுக்கு எத்தனை போனது என்று எப்படித் தெரியும் என்ற எரிச்சல்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரிக்கு இறங்கியது. மறுநாள் சனிக்கிழமை கல்யாணம் ஒன்று இருந்தது. சாதாரணக் கல்யாணம் இல்லை. மணப்பெண் அந்தக் கல்யாண மண்டப மேலாளரின் தங்கை. அவள் முகம் நன்றாக அமைந்தால் மண்டபத்துக்கு வருகிற பெண்களையெல்லாம் யொன்ஜுவிடம் அனுப்புவதாகப் பேச்சு. சொதப்பினால் பழைய நிலையத்துக்காரி இஞ்சோன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். போன வாரம் ஒத்திகை பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு எந்த லிப்ஸ்டிக்கும் பிடிக்கவில்லை. யொன்ஜு நாலு நிறத்தை உருக்கிக் கலந்து, கட்டைவிரல் அளவுக் கண்ணாடிச் சிமிழில் ஒரு புது நிறம் செய்தாள். அதைப் பூசியதும் அந்தப் பெண்ணே கண்ணாடியை விட்டு நகரவில்லையாம். அந்தச் சிமிழும் கீழ் இழுப்பறையில்தான் இருந்தது.

காலையில் யொன்ஜு விரல்களை வாயில் ஊதிக்கொண்டு பிரஷ் துடைப்பதைச் சொங்பே பார்த்தார். நுனி விரல் நீலமாக இருந்தது. நாளைக்கு ஒரு பெண்ணின் கண் இமையில் கோடு இழுக்க வேண்டிய கை. மத்தியானம் அவள் தலை அலங்காரக்காரியைப் பார்க்கக் கிளம்பிப் போனதும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து, ஆறு வருஷமாகத் திருகாத வால்வைத் திருகினார். பழைய குழாய் சீக்கிரம் சூடேறாது என்று மற்ற அறைகளின் வால்வுகளை அடைத்து, பாய்லரையும் முழுசாக ஏற்றினார். மகள் திரும்பும்போது தரை இதமாக இருக்கும். யார் செய்தது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். அப்படி நினைத்துக்கொண்டு முதியோர் கூடத்துக்குப் போனார்.

அங்கே பாங் என்கிற பழைய பஸ் டிரைவர் சுவரோரமாகச் சூடான மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"யோவ் மா, இங்க வாய்யா. உன் பின்பக்கத்துக்குன்னே வச்சிருக்கிற இடம். வறுத்த வாத்து மாதிரி ஆயிடுவே."

சொங்பே உட்கார்ந்தார். காய் வைத்து ஆடினார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். வாய்க்கு ஏதாவது போடலாம் என்று கால்சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மிட்டாயை எடுத்தார். மிட்டாய் காகிதத்தோடு சேர்ந்து இழுபட்டது. கையிலே கூழாக ஒட்டிக்கொண்டது.

அவர் அதைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த சூடான தரையைப் பார்த்தார்.

"என்னய்யா, பேயடிச்ச மாதிரி முழிக்கிற? உன் முறை. வை."

செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் ஓடினார். வழியெல்லாம் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. இந்த வயசில் விழுந்தால் இடுப்பெலும்புதான். விழுந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால் யாரும் திட்டமாட்டார்கள் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வாசல் பூட்டின் எண்ணை அழுத்தும்போது விரல் இரண்டு தடவை தவறியது.

சின்ன அறையில் கால் வைக்க முடியவில்லை. அவ்வளவு கொதிப்பு. குழாய் அறைக்குள் நுழைகிற இடம் எதுவென்று அவருக்குத்தான் தெரியும், அந்தக் குழாயைப் பதித்தவரே அவர். இழுப்பறைப் பெட்டி அதே இடத்தின் மேலே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொண்டு நின்றவருக்கு இது ஏன் உறைக்கவில்லை? அவர் அன்றைக்குப் பார்த்தது தாக்கின் கையை மட்டும்தான்.

கீழ் இழுப்பறையைத் திறந்தார். பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. வட்டப் பொட்டுகள் வரிசையாக அவரைப் பார்த்தன. ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தார். தலைகீழாக நின்றதால் உள்ளிருந்தது வழுக்கி மூடிக்குள்ளேயே விழுந்து குழைந்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கையெல்லாம் சிவப்பு. ஆட்டை அறுத்தவன் கை மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிச் சிமிழைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே எண்ணெய் தெளிந்து நின்றது. நிறமெல்லாம் அடியில் வண்டலாகப் படிந்திருந்தது.

பாய்லரை அணைத்தார். வால்வை மூடினார். மணி இரண்டே கால். மூன்றுக்குள் அவள் வந்துவிடுவாள். குளிர வைத்தால் கெட்டியாகும், கெட்டியானால் பழையபடி ஆகிவிடும் என்று மனசு சொன்னது. பால்கனியில் வைக்கலாம், ஆனால் அங்கே அவள் துணி காயப்போடுகிறாள். கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே தனியாக வைத்திருக்கிற கிம்ச்சி ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதன் அடித்தட்டை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. லிப்ஸ்டிக்குகளை வாரிக் கொண்டுபோய் முள்ளங்கிக் கிம்ச்சி டப்பாவுக்குப் பின்னால் நெருக்கினார். சிமிழை ஓரத்தில் நிறுத்தினார். மூடினார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை.

யொன்ஜு வந்ததும் நாளைக்குரிய பெட்டியை அடுக்க உட்கார்ந்தாள். கீழ் இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, லிப்ஸ்டிக் எல்லாம் எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள வழி தெரியவில்லை. அவள் மேல் இழுப்பறை, நடு இழுப்பறை, பெட்டிக்கு அடியில், படுக்கைக்கு அடியில் எல்லாம் தேடினாள். கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"சிமிழும் இல்ல. நேத்து காலையில இருந்துச்சே... இருந்துச்சா? நேத்து நான் பாக்கவே இல்ல. புதன்கிழமை அந்த அக்கா வந்தப்ப..." அவள் அவரைப் பார்த்தாள். "நீங்க அப்பவே சொன்னீங்க, அப்பா. நான்தான் கேக்கல."

வாழ்நாளில் முதல்தடவையாக மகள் அவர் சொன்னது சரி என்கிறாள். சொங்பே சிவப்புப் படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அவசரப்படாத. இன்னொரு தடவை தேடு."

"எங்க தேடுறது? நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அந்தப் பொண்ணு என் முன்னால வந்து உக்காருவா. எதை எடுத்துப் பூசுவேன்?" போனை எடுத்துவிட்டாள். மறுமுனையில் மணி அடிப்பது அவருக்கும் கேட்டது.

"சொல்லு தங்கச்சி," என்றது தாக்கின் குரல்.

"அக்கா, உங்களை ஒண்ணு கேக்கணும். புதன்கிழமை நீங்க எங்க வீட்டுலேர்ந்து..."

"நான்தான்," என்றார் சொங்பே. குரல் சரியாக வரவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார். "நான்தான். போனை வை. அவளை ஒண்ணும் கேக்காத."

யொன்ஜு போனைக் காதிலிருந்து எடுத்தாள். போனுக்குள்ளேயிருந்து தாக் கேட்பது கூடம் முழுக்கக் கேட்டது.

"ஐயா, வால்வைத் திறந்தீங்களா?"

அவர் பாத்திரத் தொட்டியின் பக்கம் பார்த்தார்.

"திறந்திருக்கீங்க. அப்புறம் பயந்து எங்கயாவது சில்லுனு வச்சிருப்பீங்க. தங்கச்சி, கிம்ச்சி ஃபிரிட்ஜைப் பாரு. ஆம்பளைங்க எல்லாத்தையும் அங்கதான் ஒளிக்கிறாங்க. ஒரு வீட்டுல புருஷன் சிகரெட்டையே வச்சிருந்தான்."

யொன்ஜு ஃபிரிட்ஜைத் திறந்தாள். முள்ளங்கி டப்பாவை நகர்த்தினாள். பூண்டு வாசனை குப்பென்று அடித்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்த்து மேஜையில் வைத்தாள்.

"கை குளிருதேன்னு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்பே."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்!"

பூண்டு வாசனை ஏறிய லிப்ஸ்டிக் இருபதுக்கு மேல் குப்பைக்குப் போனது. சிமிழின் மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளே வாசனை ஏறவில்லை. ஆனால் நிறம் பிரிந்து, மேலே மெழுகும் அடியில் மண்ணுமாக உறைந்திருந்தது. யொன்ஜு அதைக் கரண்டியில் சுரண்டி, மெழுகுவர்த்தி மேல் பிடித்து, குச்சியால் சுற்றிச் சுற்றிக் கலக்கினாள். ஒரு துளியைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு வாரத் தூக்கக் கேட்டில் உதட்டோரம் கொப்புளம் வெடித்திருந்தது. பூசிப் பார்க்க முடியாது. அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"இங்க வாங்க. ஜன்னல்கிட்ட உக்காருங்க."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணுக்கும் ரத்தமே இல்லாத உதடு. உங்க உதடு அப்படியேதான் இருக்கு. உக்காருங்க."

"எனக்கு எழுபத்திரண்டு வயசு."

"உதட்டுக்கு வயசு கேக்கல. வெளிச்சம் போறதுக்குள்ள உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் விரல் அவர் தாடையைப் பிடித்தது. விரல் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. முதல் பூச்சு பழுப்பாக வந்தது. துடைத்தாள். பூண்டு வாசனை ஏறாமல் தப்பிய ஒரு ரோஸ் நிறத்திலிருந்து ஒரு நுனி எடுத்துக் கலந்தாள். இரண்டாவது அதிகச் சிவப்பு. துடைத்தாள். அவருக்கு உதடு எரிந்தது, சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவரில் வெயில் ஒவ்வொரு மாடியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. போனில் இருந்த ஒத்திகைப் படத்தை அவள் அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். இந்த முகத்தை அந்த முகத்தோடு ஒப்பிடுகிறாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மூச்சை இழுக்கவும் பயமாக இருந்தது.

நாலாவது தடவை வெகுநேரம் பார்த்தாள்.

"சரியா?" என்றார் உதட்டை அசைக்காமல்.

"நிறம் சரி. ஆனா உருக்கினது. நிக்குமான்னு தெரியல. அந்தப் பொண்ணு பந்தியில நூடுல்ஸ் சாப்பிடணும், சொந்தக்காரங்களோட சிரிச்சுப் பேசணும்." அடுப்படிக்குப் போய்ச் சோயா கூழ் சூப்பைச் சுட வைத்து, ஒரு கிண்ணம் சோற்றோடு அவர் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க. முழுசா. துடைக்கக் கூடாது."

அவர் கரண்டியை எடுத்தார். சூப் உதட்டைச் சுட்டது. ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியின் விளிம்பைப் பார்த்தார், அதில் சிவப்பு ஒட்டியிருக்கிறதா என்று. முதலில் கொஞ்சம் ஒட்டியது. அப்புறம் ஒட்டவில்லையா, அல்லது கண்தான் மங்கிவிட்டதா என்று தெரியவில்லை. யொன்ஜு எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டு, ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்க்கக் காத்திருக்கிறவன் மாதிரி முகத்தை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் விளக்கைப் போட்டாள். குனிந்து பார்த்தாள். ஒரு வெள்ளைக் காகிதத்தை அவர் உதட்டில் ஒற்றி எடுத்து அதையும் பார்த்தாள்.

"ஓரத்துல கொஞ்சம் போயிருக்கு. நடுவுல நிக்குது," என்றாள். "நாளைக்கு ரெண்டு பூச்சு போடணும். சாப்பிட்டதும் பக்கத்துல நிக்கணும்."

"அப்ப போதுமா?"

"தெரியல அப்பா. ஏழு மணிக்குத்தான் தெரியும்."

சிமிழை மூடிப் பெட்டியில் வைத்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அக்காவுக்கு நீங்கதான் போன் பண்ணணும். நான் இல்ல."

சொங்பே உதட்டைத் துடைக்காமலே போனை எடுத்தார்.