நாலு மணிக்குள் காய்ந்துவிடும்

எலிசா குனிந்த முதுகு நிமிராமல் பின்பக்கமாகவே நகர்ந்து வந்தாள். கையில் ரோலர், காலடியில் வாசல் கல்லுக்குப் பூசும் கோட்டிங் வாளி. வீட்டுப் படியோரம் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த வேலை. கேட்டைத் தொட இன்னும் நாலு வரிசைக் கல்தான் பாக்கி. பூசி முடித்த இடமெல்லாம் சிவப்புக் கல்லும் சாம்பல் கல்லும் எண்ணெய் தேய்த்துவிட்ட பிள்ளைகள் மாதிரி மினுமினுத்தன.

அந்தப் பக்கம், போர்டிகோவில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளுடைய அப்பா இன்னாசிராஜ் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. மழமழவென்று சவரம் செய்து, பெட்டியிலிருந்து எடுத்த புது வேட்டி கட்டி, விடிந்ததிலிருந்து வாய் ஓயாமல் அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

"அந்த மூலையில ரெண்டு கல்லு வெளுத்துக்கினு கெடக்குது பாரு."

"பாத்துக்கினுதாம்ப்பா இருக்கேன். நீ செத்த சும்மா குந்து."

"சும்மா குந்துறதுக்கா இருவது வருஷமா வாசக்கல்லு போடுற பிளாக் யார்டு நடத்தனேன்? அந்த மூலைய ஒரு இழுப்பு இழு."

இழுத்தாள். வேறு வழி? மனுஷனுக்கு இன்றைக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அவருடைய மகன், எலிசாவின் தம்பி அந்தோணி பிரபு விழுப்புரத்திலிருந்து வருகிறான். விழுப்புரம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? இங்கே திண்டிவனத்துக்கு ஒரு மணி நேரம் கூட ஆகாது. அந்தத் தூரத்தைக் கடக்க அவனுக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டாயிரத்து நாலில் கண்டாச்சிபுரத்து விவசாயி மகள் வெண்ணிலாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றான். இந்த வாசலை மிதிக்காதே என்றார் அப்பா. சரி என்று போய்விட்டான் மகன். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான். ஆறு வருஷத்துக்கு முன் அம்மா பாக்கியமேரி இறந்தபோது வந்தவன், கேட்டுக்கு வெளியே, தெருவில், ஊரார் கூட்டத்தோடு நின்றான். சவப்பெட்டி வெளியே வந்ததும் பின்னாலேயே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தான். அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டான். அவன் நிற்பதை அப்பா பார்த்தார். உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை எலிசாவுக்கு ஆறு வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது.

போன வாரம் ஈஸ்டர் முடிந்த மறுநாள் கிழவரே போனை எடுத்து நம்பர் போட்டார். அடுப்படியில் நின்ற எலிசா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"நாயித்துக்கெழம புள்ளயையும் வெண்ணிலாவையும் கூட்டிக்கினு வா. தெருவுல நிறுத்தாத. வண்டிய நேரா உள்ள கொண்ணாந்து வுடு."

வெண்ணிலா என்ற பெயரை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. எலிசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடுப்பில் கறி அடிப்பிடித்தது.

போனை வைத்த கையோடு அவர் வாசலைப் பார்த்தார். கல்லெல்லாம் பாசி. இடுக்கெல்லாம் புல். மகராசன் வண்டி இதிலா ஏறும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வெள்ளிக்கிழமை பைக் கழுவும் கடையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் மெஷினை இரவல் வாங்கி எலிசா அடித்துத் தள்ளினாள். பாசியோடு இடுக்கில் இருந்த பழைய மணலும் பெயர்ந்து ஓடியது. சனிக்கிழமை சலித்த மணலைக் கொட்டி, துடைப்பத்தால் கூட்டிக் கூட்டி ஒவ்வொரு இடுக்காக நிரப்பினார்கள். சாயங்காலம் கோட்டிங் போட்டு முடித்திருக்கலாம். பாழாய்ப்போன கோடை மழை ஒரு பாட்டம் பெய்து தொலைத்தது. மணல் ஈரத்தோடு பூசினால் கல் பால் கொட்டினது மாதிரி வெளுத்துவிடும். விடிந்து, வெயில் ஏறி, மணல் உலர்ந்த பிறகுதான் வாளியைத் திறந்தாள். இதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசை போயிற்று. பிறந்ததிலிருந்து பூசை தவறாத மனுஷன், சாமியாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் என்றுவிட்டார்.

"நாளைக்குப் பூசிக்கலாம்ப்பா, அவன் வந்துட்டுப் போவட்டும்" என்று எலிசா ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தாள்.

"நாலு மணிக்குள்ள காஞ்சிடும். சித்திர வெயிலு."

பதினோரு மணிக்குக் கடைசி வரிசையை முடித்துவிட்டு எலிசா தெருவில் கால் வைத்து நிமிர்ந்தாள். அப்போதுதான் உறைத்தது. வெளியே இவள். உள்ளே அவர். நடுவில் ஈரம். வீடோ இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டியது, பின்பக்கம் வழியே கிடையாது. இருபது வருஷ யார்டு அனுபவம் இரண்டு பேருக்கும் இந்த அழகில் இருந்தது.

"யப்பா, நான் எப்பிடி உள்ள வர்றது?"

கிழவர் ஒரு கணம் முழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எலிசாவும் கேட்டைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"சவுரிம்மா வூட்ல போய்க் குந்து" என்றார். "நான் எங்க போவப் போறேன்? சோறு கொழம்பு உள்ள இருக்குது. போட்டுத் துன்றேன்."

எதிர்வீட்டுச் சவுரியம்மாள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு எலிசாவுக்குச் சோறு போட்டாள். எலிசாவுக்குச் சோறா இறங்கும்? அந்த வீட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். தெருவில் போன ஒரு நாயைக் கல்லெடுத்து விரட்டினாள். காற்றில் வந்து விழப்பார்த்த வேப்பஞ்சருகை நினைத்துச் சவுரியம்மாள் வீட்டு மரத்தையே முறைத்தாள். ஒரு மணிக்கு அப்பா தட்டோடு நாற்காலிக்குத் திரும்பினார்.

"கொழம்பு நல்லாருக்குது, பாப்பா" என்று இங்கே கேட்கும்படி கத்தினார்.

"மாத்திர போட்டியா?"

கையைத் தூக்கிக் காட்டினார். போட்டாச்சு என்றும் எடுத்துக்கொள்ளலாம், போய் வேலையைப் பார் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டே காலுக்கு எட்டிப் பார்த்தபோது தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகத் தூக்கமில்லாத உடம்பு, தூங்கட்டும் என்று விட்டாள். இரண்டே முக்காலுக்குப் பார்த்தாள். அதே சாய்ப்பு. போன் செய்தாள். அவர் சட்டைப் பையில் மணி அடிப்பது தெரு தாண்டிக் கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது. வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

எலிசா ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள். காலைத் தூக்கியவள், வைக்கவில்லை. கல் பளபளவென்று ஒரு தடம்கூட இல்லாமல் கிடந்தது. இன்னும் ஒரு மணி நேரம்தான். தூங்குகிறவரை எழுப்பப்போய் இதைக் கெடுத்தால் வெட்டிப் போட்டுவிடுவார். "யப்பா" என்று கூப்பிட்டாள். "யப்பா" என்று கத்தினாள். அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. அதற்குப் பிறகுதான் ஓடினாள். செருப்பு ஒன்று பாதியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கை தொட்டதுமே தெரிந்துவிட்டது.

சவுரியம்மாள் போட்ட கூச்சலில் தெரு திரண்டது. மூன்றாவது வீட்டுத் தேவநாதன் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர். எலிசா விட்ட காலடியிலேயே கால் வைத்து உள்ளே போனார். நாடி பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் ஆயிருக்கும்மா" என்றார். "தூக்கத்துலயே. வலி தெரிஞ்சிருக்காது."

எலிசா அழவில்லை. ஒரு மணி நேரம் என்றால் தான் தூக்கி நின்ற அந்தக் காலால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று மனசு கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்ட மனசை அவளுக்கு அறைய வேண்டும்போல் இருந்தது. கேட்டருகே நாலைந்து பேர் சேலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரக் கிளம்பினார்கள்.

"யாரும் வராதீங்க" என்றாள் எலிசா.

"இன்னாடி சொல்ற" என்றாள் சவுரியம்மாள். "ஒடம்ப நாற்காலியிலயா வெச்சிக்கினு இருப்ப? கை கால நீட்டிப் படுக்க வெக்க வாணாமா? ஜல்தி பண்ணணும்டி."

"எம் தம்பி வண்டி உள்ள வர்ற வரைக்கும் ஒருத்தர் கால் இதும்மேல படக்கூடாது. அண்ணே, நீங்களும் வந்த தடத்துலயே போய்டுங்க."

தேவநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். அதே காலடிகளில் திரும்பிப் போய், கேட்டுக்கு வெளியே நின்று, மற்றவர்களையும் கையால் தடுத்தார். கூட்டம் முணுமுணுத்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்றுகூட ஒரு குரல் கேட்டது. எலிசாவுக்கு அது காதில் ஏறவில்லை. அப்பாவின் தொங்கிய கையை எடுத்து மடியில் வைத்தாள். சட்டைக் காலரை நேராக்கினாள். வாயோரம் ஒட்டியிருந்த குழம்பைத் தலைப்பால் துடைத்தாள். நெஞ்சு இன்னும் காலையில் போலவே படபடத்துக்கொண்டிருந்தது. இவர் போய்விட்டார், அவன் வருகிறான். எதற்காகப் படபடக்கிறது என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றரைக்குப் போன் வந்தது.

"அக்கா, கூட்டேரிப்பட்டு தாண்டிட்டோம்." பிரபுவின் குரல் குதித்தது. பின்னால் பையன் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். "அவரு சாப்ட்டாரா? இன்னா பண்றாரு?"

வண்டி ஓட்டுகிறவனிடம் என்ன சொல்வது?

"வாசல்லதான் குந்திக்கினு இருக்காரு" என்றாள் எலிசா. "பாத்து மெதுவா வா."

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கார் கேட்டுக்கு முன் வந்து அப்படியே நின்றது. கண்ணாடி வழியாகப் பிரபு கூட்டத்தைப் பார்த்தான், பிறகு போர்டிகோவைப் பார்த்தான். அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலைத் தெருவில் வைத்தான்.

"எறங்காத" என்று எலிசா உள்ளிருந்து கத்தினாள். பதினோரு வருஷமாக வராத குரல் அது. "தெருவுல எறங்காத, பிரபு. வண்டியோட உள்ள வா. அவுரு உன்ன அப்பிடித்தான் கூப்ட்டாரு."

பிரபு வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எலிசா அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையை அவர் தோளில் வைத்து, மறு கையைத் தூக்கி வழி காட்டினாள்.

"வா... வா... லெஃப்ட்ல ஒடி. வரட்டும், வரட்டும்."

முன்சக்கரம் கேட்டின் சட்டத்தில் ஏறி இறங்கியது. முழுசாகக் காயாத கோட்டிங் டயரில் பிசுபிசுவென்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. தெருவில் அவ்வளவு பேர் நின்றும் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. புதிதாக நிரப்பிய மணலில் ஒரு கல்கூட அசையவில்லை. அவள் கை காட்டக் காட்டக் கார் அங்குலம் அங்குலமாக வந்து, இன்னாசிராஜின் கால்களுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பிரபு இன்ஜினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு இருந்தான். முதலில் இறங்கியது வெண்ணிலாதான். செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலை மெல்லக் கல்லின்மேல் வைத்தாள்.