பே, ட

"ப-வா?" என்று தமயந்தி கேட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் தனக்கோடி கண்ணை அழுத்தி மூடித் திறந்தார். ப-தான். இனி உயிரெழுத்து. "அ, ஆ, இ, ஈ..." ஏ வந்ததும் மறுபடி மூடினார்.

"பே," என்றாள், பக்கத்தில் நின்ற அவர் தம்பி சீனுவிடம்.

அடுத்த எழுத்துக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு க, ங, ச என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். ட வந்ததும் மூடினார். அவ்வளவுதான், இமை சோர்ந்துவிட்டது.

"பேட... பேட்டரி!" என்று சீனு கத்தினான். "தலைமாட்டு மெஷின் பேட்டரிய பாக்கச் சொல்றாரு அண்ணி. மோட்டார்க்காரன் புத்தி எங்க போவும்!"

தனக்கோடி அடுகோடி பட்டறையில் இருபது வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றினவர். போன வருஷம் டாக்டர் 'மோட்டார் நியூரான்' வியாதி என்றபோது, "கம்ப்ளெய்ன்ட்டும் நம்ம லைன்லயே வந்திருக்கு" என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வரை ஒரு நரம்பணு, அங்கிருந்து தசைக்கு இன்னொன்று, உத்தரவு அப்படித்தான் கைமாறிப் போகும் என்றார். அந்த அணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, உத்தரவு வராத தசை வற்றிப்போகும். தொட்டால் தெரிவது, காது, புத்தி எல்லாம் அப்படியே இருக்கும். அதை நல்ல செய்தி என்று நினைத்துவிட்டாள் பாவி.

அப்போதே தோளில் தோலுக்கடியில் தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது, உள்ளே புழு நெளிகிற மாதிரி. முதலில் கை போயிற்று. பிறகு கால், நாக்கு. கன்னத்தில் கொசு கடித்தால் தெரியும், விரட்ட முடியாது. கண்ணை மட்டும் வியாதி விட்டுவைத்தது. இப்போது மூச்சிழுக்கும் தசையின் முறை.

காலையில் டாக்டர் அவரிடமே கேட்டிருந்தார். தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷினில் போடலாமா? போட்டால் சில மாசம் ஓடலாம், போடாவிட்டால் நாளை தாண்டாது. இமை தானாகவும் துடிக்கிறது, வெறும் கண்சிமிட்டலை நம்பாதீர்கள், எழுத்தெழுத்தாகப் பதில் வாங்கி வையுங்கள் என்று சொல்லிப் போனார்.

சீனு டெக்னீஷியனைத் தேடி ஓடினான். அடுத்த கட்டிலில், சாப்பாட்டுத் தட்டை நீட்டிய ஆயாவிடம் கிழவர் ஒருவர் கையாட்டினார்.

"பேட."

கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். டாக்டர் காலையில் கன்னடத்தில்தான் கேட்டார். கேட்ட பாஷையிலேயே பதில் சொல்லியிருக்கிறார் மனுஷர். தமிழில் வேணும், வேணாம் இரண்டும் ணகரம் வரை ஒன்றுபோலவே போகும், அதற்குள் கண் சோர்ந்துவிடும். இதுவோ இரண்டே எழுத்து. யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

தமயந்தி அவர் கட்டில் பக்கம் திரும்பினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஹேளித்ரு?" என்ன சொன்னார் என்று கேட்டபடி டாக்டர் வந்தார்.

பேட என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐயோ, அவரில்லாத வீட்டில் எப்படி இருப்பேன்? பேச வேண்டாம், அசைய வேண்டாம், அந்தக் கண் மட்டும் இருக்கட்டுமே.

"ஏனோ பேட்டரி அந்த்ரு சார்," ஏதோ பேட்டரி என்கிறார் என்று அவளும் கன்னடத்திலேயே சொன்னாள். "நீங்க மெஷின்ல போட்ருங்க." காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டார்.

துளை போட்டார்கள். குழாய் உள்ளே போனது, மெஷின் மூச்சு விட்டது. தமயந்தி அவர் காதோரம் குனிந்தாள். "என்னைத் திட்டுங்க, பரவால்ல. க, ங, ச..." மூடிய இமைக்குள் விழி உருண்டது. தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான்கு நாளும் அவளுக்காகத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாக மத்தியானத்தில் முடிந்துபோனது.

ஒக்கலிபுரம் வீட்டு வாசலில் சீனு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "கடைசி வார்த்தை என்ன தெரியுமா? பேட்டரி! சாவற நேரத்துலயும் வேல ஞாபகம்தான் எங்கண்ணனுக்கு. இல்ல அண்ணி?"

"ஆமா," என்றாள்.

பக்கத்து வீட்டு ஆஞ்சலா காபி கொண்டுவந்தாள். நேற்றிலிருந்து தமயந்தி பல்லில் தண்ணீர்கூடப் படவில்லை. குமட்டியது. தலையை ஆட்டினாள்.

"ஸ்வல்ப குடீரி அக்கா," கொஞ்சமாவது குடிக்கச் சொல்லிக் கெஞ்சினாள் ஆஞ்சலா. "பேடவா?"

தமயந்தி சட்டென்று டம்ளரைப் பிடுங்கினாள். சூடு நாக்கைப் பொசுக்கியது. மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, வெறும் டம்ளரை நீட்டினாள்.